பொறுமையும் ஒரு மருந்தே!

அறுவைச் சிகிச்சை என்றதும் நோயாளி ஒருவர் மேசைமீது கிடத்தப்பட்டிருக்கும் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றும். நோயை நீக்குவதற்காகவே உடலைக் கீறுகின்றனர் என்பது நாமெல்லாரும் அறிந்த நியாயம். ஆனால் இந்த நியாயத்துக்கு உட்படாத அறுவை ஒன்று உண்டு. எந்த நோயும் இல்லாத ஒருவர், தம் கால்களால் நடந்து மருத்துவமனைக்குள் வந்து, தம் இரு சிறுநீரகங்களுள் ஒன்றை மற்றொருவருக்கு ஈவதற்காகத் தம் உடலைக் கத்திக்கு ஒப்புவிக்கிறார். அவர் தாயாக இருக்கலாம், தமையனாக இருக்கலாம், வாழ்க்கைத் துணையாக இருக்கலாம். இந்த அறுவையினால் அவருடைய உடலுக்குக் கிடைக்கும் நன்மை ஏதும் இல்லை.

ஆகவே இங்கு மருத்துவருக்குக் கடமைகள் இரண்டு. கொடுப்பவருக்கு ஊறு நேரலாகாது. கொடுக்கப்படும் உறுப்பும் பழுதடையலாகாது. இவ்விரு கடமைகளையும் ஒருங்கே சோதிக்கும் சிறு நிகழ்ச்சி ஒன்று அறுவையின் நடுவில் நேர்வதுண்டு. சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய், தொட்டாற்சுருங்கி போலத் திடீரெனச் சுருங்கிவிடுகிறது. மருத்துவர்கள் இதனை இரத்தக்குழாய் இசிவு என்பர். இஃது ஏன் நேர்கிறது, மருத்துவர் இதனை எவ்வாறு தணிக்கிறார், வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் இதனை ஏன் அறிந்திருக்க வேண்டும் என்பவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

பெரிய வெட்டிலிருந்து சிறு துளைக்கு

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ரொனால்டு ஹெரிக் என்னும் இளைஞர், சிறுநீரகங்கள் செயலிழந்து சாகும் நிலையிலிருந்த தம் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குத் தம் சிறுநீரகம் ஒன்றை ஈந்தார். டாக்டர் ஜோசப் மரே அதனை ரிச்சர்டின் உடலில் பொருத்தினார். நலமுள்ள மனிதரின் உடலைப் பிறர்பொருட்டுக் கீறுவது முறைதானா என்று அம்மருத்துவர்கள் முன்னதாகவே சக மருத்துவர்களிடமும், சட்ட அறிஞர்களிடமும், பல சபைகளின் குருக்களிடமும் ஆலோசனை கேட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1963-இல் காலமானார். ஈந்த ரொனால்டோ ஒரே சிறுநீரகத்துடன் 56 ஆண்டுகள் வாழ்ந்து 2010-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் மறைந்தார். மரேக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-ஆம் ஆண்டு சிறுநீரக மாற்று வெற்றியுடன் நடைபெற்றது.

அந்நாட்களில் கொடுப்பவரின் விலாப்புறத்தில் ஒரு சாணுக்குக் குறையாமல் வெட்ட வேண்டியிருந்தது. சிலவேளைகளில் விலா எலும்பின் ஒரு பகுதியையும் எடுத்துவிடுவர். வலி நெடுநாள் நீடிக்கும். வேலைக்குத் திரும்ப வாரங்கள் பல ஆகும். வாங்கியவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் கொடுத்தவர் விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

இந்நிலையை மாற்றியது துளைவழி அறுவை. லாபராஸ்கோப்பி என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. வயிற்றில் சிறு துளைகள் சிலவற்றை இட்டு, ஒன்றின் வழியே காமிராவையும் மற்றவற்றின் வழியே நீண்ட மெல்லிய கருவிகளையும் செலுத்தி, திரையில் பார்த்தவாறே மருத்துவர் பணி செய்கிறார். 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ரால்ப் கிளேமன் என்பவர், 85 வயது மூதாட்டி ஒருவரின் நோயுற்ற சிறுநீரகத்தை இம்முறையில் முதன்முதலாக அகற்றினார். அதற்கு ஏறத்தாழ 7 மணி நேரம் ஆயிற்று. 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் லாயிட் ராட்னரும் லூயி கவூசியும், தானமாகத் தரப்படும் சிறுநீரகத்தையே இம்முறையில் எடுத்துக் காட்டினர். இன்று உலகின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இதுவே வழக்கமான முறை. அடிவயிற்றில் 5 முதல் 7 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு வெட்டின் வழியே சிறுநீரகம் வெளியே எடுக்கப்படுகிறது. கொடுத்தவர் பெரும்பாலும் சில நாட்களிலேயே வீடு திரும்புகிறார்.

ஆனால் நலம் பயக்கும் எந்த முறையும் தனக்கென ஓர் இடரையும் உடன் கொண்டுவருவது இயல்பே.

விரலளவும் இல்லாத குழாய்

நாட்டுப்புறத்தில் குண்டிக்காய் என்று வழங்கும் சிறுநீரகம், நம் மூடிய கைமுட்டி அளவே உள்ளது. ஆனால் அதன் பசியோ பெரிது. ஓய்வாக இருக்கும்போது இருதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இரு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. இவ்வளவு இரத்தமும் செல்லும் வழி, பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த தமனியாகும். அதன் உட்குறுக்களவு 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான். சிலருக்கு ஒரே சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று சிறு தமனிகள் அமைந்திருப்பதும் உண்டு.

இத்தமனியை வெறும் ரப்பர்க் குழாய் என்று எண்ணிவிடலாகாது. அதன் சுவரின் நடு அடுக்கு முழுதும் சதையால் ஆனது. அச்சதை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானே சுருங்கித் தானே விரியும். கருவி பட்டாலும், இழுக்கப்பட்டாலும், சுற்றியுள்ள கொழுப்பு உரிக்கப்பட்டாலும் அது இறுகிக்கொள்கிறது. இரவு உறக்கத்தில் கெண்டைச் சதை பிடித்துக்கொள்வதில்லையா? அதனை ஒத்ததே இதுவும்.

இயற்கை இதனை வீணாகப் படைக்கவில்லை. காயம்பட்ட இடத்தில் குழாய் இறுகிக்கொள்வதனால்தான் இரத்தப்போக்கு குறைந்து உயிர் தப்புகிறது. ஆனால் அறுவை மேசையில், எந்த உறுப்பைப் பேணி எடுக்க வேண்டுமோ, அந்த உறுப்பையே இந்தக் காவல் பட்டினி போட்டுவிடுகிறது. அதன் விளைவு நாம் எண்ணுவதைவிடப் பெரிது. குழாயின் அகலம் பாதியானால் அதனூடே ஓடும் நீரும் பாதியாகும் என்றே நாம் கருதுவோம். இயற்பியல் விதிப்படி அழுத்தமும் நீளமும் மாறாதிருக்க, அகலம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மடையும் வடிகாலும்

துளைவழி அறுவையில் இவ்விடருக்குத் துணைபோகும் மற்றொரு காரணமும் உண்டு. வயிற்றுக்குள் கருவிகள் இயங்குவதற்கு இடம் வேண்டும். அதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைப் பந்துபோல் உப்பச் செய்கின்றனர். இவ்வாயு தீப்பற்றாது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். அதனாலேயே இதனைத் தேர்ந்தனர். இதன் அழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில் வைக்கப்படும். இரத்தத்தை ஏந்தி வரும் தமனியை இவ்வழுத்தம் பெரிதும் தாக்குவதில்லை. ஆனால் இரத்தத்தைத் திருப்பியனுப்பும் சிரை மெல்லிய சுவருடையது. அதனையும் சிறுநீரகத்தின் திசுவையும் இவ்வழுத்தம் அமுக்குகிறது. அப்போது சிறுநீர் சுரப்பது குறைவது வழக்கமே. வாயுவை வெளியேற்றினால் அது மீண்டும் பெருகும்.

உழவருக்கு இது நன்கு விளங்கும். வயலுக்கு நீர் வரும் மடையும் பாதி அடைபட்டு, நீர் வெளியேறும் வடிகாலும் பாதி அடைபட்டால் பயிர் என்னாகும்? தமனியின் இசிவு மடையை அடைக்கிறது. வாயுவின் அழுத்தம் வடிகாலை அடைக்கிறது. இரண்டும் ஒருசேர நேரும்போதுதான் சிறுநீரகம் மெய்யாகவே இடருறுகிறது.

அறிகுறிகள் திரையிலேயே தெரிகின்றன. செழுமையான செந்நிறத்தோடு விம்மியிருந்த சிறுநீரகம் வெளிறித் தளர்கிறது. சிலவேளை திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறது. துடித்துக்கொண்டிருந்த தமனி நூல்போல் மெலிந்து வெண்மையாகிறது. மயக்கமருந்து மருத்துவர் கவனித்துவரும் சிறுநீரின் அளவும் குறைகிறது.

வருமுன் காத்தல்

இசிவுக்கான முதல் மருந்து அது வராமல் தடுப்பதே. அறுவைக்கு முன்னரும் நடுவிலும் கொடுப்பவரின் உடலில் நீர்ச்சத்து குறையாதபடி இரத்தக்குழாய் வழியே சலைன் போன்ற திரவங்களை ஏற்றுகின்றனர். இரத்த அழுத்தம் தாழாதபடி மயக்கமருந்து மருத்துவர் கண்காணிக்கிறார். அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகளுள் பல, இரத்தக்குழாய்களை இறுக்கியே அவ்வேலையைச் செய்கின்றன. ஆதலால் அவற்றை இவ்வேளையில் கூடியவரை தவிர்ப்பர். மானிட்டால் என்னும் மருந்தைச் சிறிதளவு கொடுத்துச் சிறுநீர் ஓட்டத்தைப் பெருக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அதனால் விளையும் பயனைப்பற்றி மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இன்றும் இல்லை.

எஞ்சியது கையின் பக்குவம். தேர்ந்த மருத்துவர் தமனியைக் கருவியால் நேரே பிடிப்பதில்லை. அதனைச் சுற்றியுள்ள மென்திசுவைப் பற்றியே வேலை செய்வார். தேவைக்கு மேல் உரிக்கமாட்டார். சிறுநீரகத்தைத் தூக்கித் தமனியை இழுக்கவும் மாட்டார். இடப்பக்கச் சிறுநீரகத்தையே பெரும்பாலும் எடுப்பது, அதன் சிரை நீளமாக இருப்பதனால்தான். எனினும் இரண்டுள் ஒன்று சிறந்ததாக இருந்தால், சிறந்ததைக் கொடுப்பவரிடமே விட்டுவைக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. இந்நெறியின் அருமை எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது.

கருவியைக் கீழே வைக்கும் துணிவு

இத்தனை கவனத்துக்குப் பின்னும் தமனி இறுகிவிட்டால் மருத்துவர் முதலில் செய்வது யாது? ஒன்றும் செய்யாமல் நிறுத்துவதே! 'பதறாத காரியம் சிதறாது' என்பர் நம் முன்னோர். மேலும் தொட்டால் மேலும் இறுகும். ஆகையால் தமனியை விட்டுக் கையை எடுத்துவிடுகிறார். இழுத்துப் பிடித்த சிறுநீரகத்தை அதன் இடத்தில் அமரச் செய்கிறார். வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கிறார். தேவையானால் முற்றிலும் வெளியேற்றிவிடுகிறார். அதே வேளையில் மயக்கமருந்து மருத்துவர் இரத்த அழுத்தத்தையும் நீர்ச்சத்தையும் சரிபார்க்கிறார்.

அடுத்து வருவது பப்பாவெரின் என்னும் மருந்து. இதன் வரலாறு சுவையானது. 1848-இல் ஜெர்மனியரான கேயார்க் மெர்க் என்பவர் அபினியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். அபினியில் பிறந்ததாயினும் இது மார்ஃபின்போல் மயக்குவதும் இல்லை. வலியைப் போக்குவதும் இல்லை. இதன் வேலை சதையைத் தளர்த்துவது. சதையின் உயிரணுக்களுக்குள் 'தளர்க' என்னும் செய்தியைச் சுமக்கும் ஒரு பொருள் உண்டு. அது விரைவில் சிதைந்துவிடாதபடி பப்பாவெரின் தடுக்கிறது. செய்தி நிலைக்கவே சதையும் தளர்ந்து குழாய் விரிகிறது. இருதய பைபாஸ் அறுவை செய்வோரும் மார்பின் உட்புறத் தமனியை எடுத்துப் பொருத்தும்போது இதே மருந்தை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர்.

இம்மருந்தைச் சலைனில் கலந்து, துளைவழியே நீண்ட மெல்லிய குழாயால் தமனியின்மேல் சொட்டுச்சொட்டாக விடுகின்றனர். அல்லது மருந்தில் நனைத்த துணியைத் தமனியின்மேல் போர்த்துகின்றனர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரிங்கர் லாக்டேட் என்னும் திரவத்தோடு இதனைக் கலந்தால் திரிந்து படிந்துவிடும். எனவே கலக்கும் திரவத்தில் கருத்து வேண்டும். மிகுதியாக இரத்தத்தில் சேர்ந்தால் உடலெங்கும் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் தாழக்கூடும். எனவே அளவிலும் கருத்து வேண்டும். உணர்வகற்ற உதவும் லிக்னோகெயின் மருந்தையும் இதே நோக்கத்துக்காகத் தமனியின்மேல் இடுவோர் உண்டு.

மருந்து இட்டபின் காத்திருக்க வேண்டும். இந்த நிமிடங்களில் அறையில் எவரும் விரைவு காட்டுவதில்லை. சிறிது சிறிதாகத் தமனி பருத்துத் துடிக்கத் தொடங்கும். சிறுநீரகம் மீண்டும் செம்மை பெறும். துண்டித்த சிறுநீர்க்குழாயின் முனையிலிருந்து சிறுநீர் கசியக் கண்டால் மருத்துவரின் நெஞ்சும் குளிரும். அதன் பிறகே தமனியை அடைத்துத் துண்டித்து, சிறுநீரகத்தை விரைந்து வெளியே எடுத்து, பனிபோற் குளிர்ந்த திரவத்தை அதனுள் செலுத்திக் கழுவுகின்றனர். இசிவு தணியாத தமனிக்குள் இக்குளிர்திரவமும் சீராகப் பாய்வதில்லை. பொறுத்திருந்ததன் பயன் இங்கேயும் வெளிப்படுகிறது.

இசிவு என்றே எண்ணிவிடலாமா?

வெளிறிய சிறுநீரகத்தைக் கண்டவுடன் இசிவு என்றே முடிவுகட்டிவிடுவதும் தவறாகும். தமனி முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதன் உட்சுவர் கிழிந்திருக்கலாம், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். மருந்தும் பொறுமையும் பயன் தராதபோது மருத்துவர் இவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். தேவை நேரின் துளைவழி முறையைக் கைவிட்டு வயிற்றைத் திறந்தும் அறுவை செய்வர். இதனைத் தோல்வி என்று குடும்பத்தார் கருதலாகாது. சிறு தழும்பைவிடக் கொடுப்பவரின் உயிர் பெரிதன்றோ!

வாங்குபவரின் உடலிலும் இதே நாடகம் மீண்டும் நிகழக்கூடும். புதிய இடத்தில் தமனியை இணைத்து இரத்தத்தைத் திறந்துவிட்டதும் சிறுநீரகம் முழுவதும் செந்நிறம் பரவ வேண்டும். சில பகுதிகள் வெளிறியே நின்றால், அங்கும் இணைப்பைச் சரிபார்த்து, பப்பாவெரின் இட்டு, காத்திருக்கின்றனர். துளைவழி முறையின் தொடக்க ஆண்டுகளில், இவ்வாறு எடுத்த சிறுநீரகங்கள் வேலை தொடங்கச் சற்றுத் தாமதிக்கின்றன என்று மருத்துவர் சிலர் ஐயுற்றனர். கைப்பக்குவமும் பாதுகாப்பு முறைகளும் தேர்ந்தபின், ஓராண்டு முடிவில் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது தெளிவாயிற்று.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

மூன்று மணி நேரம் என்று சொல்லப்பட்ட அறுவை நான்கு மணியையும் தாண்டும்போது, வெளியே அமர்ந்திருப்போரின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தின் இருவர் உள்ளே இருக்கின்றனர். ஆனால் நேரம் கூடுவதெல்லாம் கேட்டின் அடையாளம் அன்று. உறுப்பைப் பேணுவதற்காக மருத்துவர் கருவியைக் கீழே வைத்துக் காத்திருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம். தாமதம் நேரின் எவர் வந்து செய்தி சொல்வார் என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்வது நன்று.

கொடுக்க முன்வருவோர் தம் பங்கையும் ஆற்றலாம். புகையிலையிலுள்ள நிகோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும் தன்மையது. பீடி, சிகரெட், புகையிலை போடும் பழக்கம் ஆகியவற்றை மருத்துவர் குறிக்கும் காலத்துக்கு முன்னரே விட்டுவிட வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளை, நாட்டு மருந்துகளும் சளிக்கான மாத்திரைகளும் உட்பட, ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும். இம்மருத்துவர்கள் இத்தகைய அறுவையை அடிக்கடி செய்பவர்களா, இரத்தக்குழாயில் இடர் நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

இடர் அறவே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை சிறுநீரகம் ஈந்த 80,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, அறுவைக்குப்பின் 90 நாட்களுக்குள் இறந்தோர் 10,000 பேருக்கு ஏறத்தாழ 3 பேர் எனக் கண்டனர். எண்ணிக்கை சிறிதே, எனினும் அந்த மூவரும் நோயற்றவராக வந்தவர்கள் என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் ஈவோரில் பெண்களே மிகுதி. தாயும் மனைவியுமே பெரும்பாலும் முன்வருகின்றனர். அல்லது முன்வரச் செய்யப்படுகின்றனர். உறுப்புகளை விலைக்கு விற்பதையும் வாங்குவதையும் 1994-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்துள்ளது. ஆனால் வீட்டுக்குள் நிகழும் நெருக்குதலை எந்தச் சட்டமும் முற்றிலும் தடுத்துவிட முடியாது. 'ஆம்' என்பதைப் போலவே 'இல்லை' என்றும் ஒருவர் அச்சமின்றிச் சொல்லக்கூடிய குடும்பத்திலேதான் கொடை உண்மையில் கொடையாகிறது. தயங்குபவரைத் தனியே மருத்துவரிடம் பேசவிடுவதும், அவர் முடிவெடுக்கக் காலம் தருவதும் குடும்பத்தின் கடமையாகும்.

இறுகிய தமனியை வலிந்து இழுத்தால் அது மேலும் இறுகும்; விட்டுக்கொடுத்தால் தானே விரியும். அறுவை அறையில் தேர்ந்த மருத்துவர் கைக்கொள்ளும் இந்தப் பொறுமையை, ஈவதற்கு முன்வருபவரிடம் அவருடைய வீட்டாரும் கைக்கொள்வார்களாக.